வாடகை மேகமா, சொந்த மேகமா?: பெங்களூரு நிறுவனங்களை யோசிக்க வைத்த தில்லி வழக்கு

புதுதில்லி: குஜராத் மாநிலம் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையை நடத்தி வரும் நயாரா எனர்ஜி நிறுவனத்தின் ஊழியர்களால் 2025 ஜூலை 22-ஆம் தேதி அலுவலக மின்னஞ்சலைத் திறக்க முடியவில்லை. கருவியில் பழுதில்லை, கட்டணப் பாக்கியும் இல்லை. நயாராவில் ரஷியாவின் ராஸ்நெஃப்ட் நிறுவனம் 49.13 சதவீதப் பங்குகளை வைத்திருக்கிறது. அதன் காரணமாக, நான்கு நாள்களுக்கு முன்பு ஐரோப்பிய யூனியன் நயாரா மீது பொருளாதாரத் தடை விதித்திருந்தது. அதைத் தொடர்ந்து அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தனது சேவைகளை நிறுத்திக் கொண்டது.

நாட்டின் சுத்திகரிப்புத் திறனில் சுமார் 8 சதவீதத்தைக் கையாளும் அந்நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. தடையை விதித்தது ஐரோப்பா. சேவையை நிறுத்தியதோ அமெரிக்க நிறுவனம். பாதிக்கப்பட்டது இந்தியச் சட்டப்படி இந்திய மண்ணில் இயங்கும் ஆலை. ஒருதலைப்பட்சமான தடைகளை இந்தியா ஏற்பதில்லை என வெளியுறவு அமைச்சகமும் அறிவித்திருந்தது. வழக்கு சூடுபிடிக்கும் முன்பே, சேவை மீண்டும் அளிக்கப்பட்டு விட்டதாக ஜூலை 30-ஆம் தேதி நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. வெளிநாட்டுத் தடையைக் காட்டி இந்தியாவுக்குள் ஒரு நிறுவனத்தின் கணினிச் சேவையைத் துண்டிக்கலாமா என்ற அடிப்படைக் கேள்விக்குத் தீர்ப்பு கிடைக்கவில்லை.

இந்த வழக்கில் பெங்களூருக்கு நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. எனினும், வழக்கு எழுப்பிய கேள்வி அந்நகரத்துக்கே உரியது. செல்போனில் வாடகைக் காரை அழைப்பது, பங்கு வாங்குவது, பலசரக்கு வரவழைப்பது என நாட்டு மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் சேவைகள் பல பெங்களூரில் பிறந்தவை. அவை இயங்கும் சர்வர்கள் யாருக்குச் சொந்தம் என்பதை அண்மைக்காலம் வரை செலவுக் கணக்காக மட்டுமே அந்நிறுவனங்கள் பார்த்து வந்தன.

பெயரில் ஒரு குழப்பம்

தொழில்துறையினர் 'கிளவுட்' என்று அழைக்கும் மேகக் கணிமையில் பொது மேகம், தனி மேகம் என இரு பெரும் பிரிவுகள் உண்டு. தமிழக வாசகர்களை இந்தப் பெயர்கள் திசைதிருப்பக் கூடும். 'பொது' என்றதும் அரசுத் துறை என்றும், 'தனி' என்றதும் தனியார்மயம் என்றும் எண்ணத் தோன்றும். உண்மை இதற்கு ஏறத்தாழ நேர் எதிரானது. பொது மேகத்தின் பெரும் உரிமையாளர்கள் அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகிய மூன்று அமெரிக்கத் தனியார் நிறுவனங்கள். தங்கள் தரவு மையங்களில் உள்ள சர்வர்களைப் பல வாடிக்கையாளர்களுக்கு அவை பகிர்ந்து வாடகைக்கு விடுகின்றன. சத்திரத்தைப் போல யாரும் வந்து தங்கலாம் என்ற பொருளில்தான் அது 'பொது'.

தனி மேகம் என்பது ஒரே நிறுவனத்தின் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டது. அது அந்நிறுவனத்தின் கட்டடத்திலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. வேறொருவரின் தரவு மையத்தில் இடம் எடுத்து அமைத்தாலும் அது தனி மேகமே. மத்திய அரசு 2014-இல் தொடங்கிய 'மேக்ராஜ்' திட்டத்தில் தேசிய தகவல் மையம் அரசுத் துறைகளுக்காக நடத்தும் மேகம் இந்த வகையைச் சேர்ந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மேகத்தைப் பற்றிய பேச்செல்லாம் பெங்களூரில் நடந்தாலும், மேகம் இருப்பது வேறு இடங்களில். அமேசான் இந்தியாவில் தனது சர்வர் வளாகங்களை 2016-இல் மும்பையிலும் 2022-இல் ஹைதராபாதிலும் திறந்தது. மைக்ரோசாஃப்ட் 2015-இல் புணே, மும்பை, சென்னையில் தொடங்கியது. கூகுள் 2017-இல் மும்பையையும் பின்னர் தில்லியையும் தேர்ந்தெடுத்தது. கடலடிக் கேபிள்கள் பெரும்பாலும் கரையேறுவது மும்பையிலும் சென்னையிலும்தான். கடற்கரை இல்லாத பெங்களூருக்கு அந்த வாய்ப்பு இல்லை. போதாக்குறைக்கு, 2024 கோடைக்காலத்தில் குடிநீருக்கே அந்நகரம் திண்டாடியது. தரவு மையங்களைக் குளிர்விக்கவும் தண்ணீர் வேண்டும்.

மண்டபமும் பந்தியும்

செலவுக் கணக்கு எளிமையானது. ஆண்டுக்கு ஒருமுறை கல்யாணம் நடத்துபவர் மண்டபத்தை வாடகைக்கு எடுப்பார். நாள்தோறும் பந்தி போடுபவர் சொந்த இடத்தைத் தேடுவார். கணினித் தேவை திடீரென ஏறி இறங்கும் நிறுவனத்துக்கு வாடகை மேகம் லாபம். ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடும் நிறுவனத்துக்குச் சொந்த சர்வர்கள் லாபம். அமெரிக்காவின் டிராப்பாக்ஸ் நிறுவனம் அமேசான் மேகத்திலிருந்து பெரும்பகுதியைச் சொந்தத் தரவு மையங்களுக்கு மாற்றியதில் இரண்டு ஆண்டுகளில் சுமார் 7.5 கோடி டாலர் மிச்சமானதாக 2018-இல் தனது பங்கு வெளியீட்டு ஆவணத்தில் தெரிவித்தது. '37 சிக்னல்ஸ்' என்ற மற்றொரு அமெரிக்க நிறுவனம், மேகத்துக்காக ஆண்டுக்கு 32 லட்சம் டாலர் செலவிட்டு வந்த நிலையில் 2022-இல் வெளியேற முடிவு செய்தது.

இத்தகைய கணக்குகளைப் பெங்களூருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. சர்வர் வாங்குவதோடு வேலை முடிவதில்லை. இரவு இரண்டு மணிக்கு வட்டு பழுதானால் மாற்றுவதற்கு ஆள் வேண்டும். மின்சாரம், குளிரூட்டல், தீத்தடுப்பு, பாதுகாப்பு அனைத்தையும் கவனிக்க வேண்டும். இருபது பேர் கொண்ட புதிய நிறுவனத்துக்கு இது ஆகாத காரியம். அந்நகரின் புதிய நிறுவனங்கள் வாடகை மேகத்திலேயே பிறந்து வளர்ந்ததற்கு இதுவே காரணம்.

இது குறித்து ஆலோசனை கூறுவோரின் நிலையையும் கவனிக்க வேண்டும். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்ஃபோசிஸ் 2020-இல் 'கோபால்ட்' என்ற பெயரிலும், விப்ரோ 2021-இல் 'ஃபுல்ஸ்ட்ரைடு' என்ற பெயரிலும் மேகச் சேவைப் பிரிவுகளைத் தொடங்கின. பிற நிறுவனங்களை மேகத்துக்குக் குடிபெயர்த்துக் கொடுப்பது அவற்றின் வருமானங்களில் ஒன்று. வீட்டுத் தரகரிடம் சொந்த வீடா, வாடகை வீடா என்று கேட்டால் கிடைக்கும் பதிலுக்கு உள்ள மதிப்பே இங்கும் உண்டு.

ஓலாவின் ஒரு வாரம்

செலவுக் கணக்குக்கு அப்பாற்பட்ட காரணத்துக்காக வாடகை மேகத்தை உதறிய பெரிய பெங்களூரு நிறுவனம் ஓலா. மைக்ரோசாஃப்ட்டின் 'அஸ்யூர்' மேகத்தைப் பயன்படுத்துவதென 2017 நவம்பரில் அந்நிறுவனம் கூட்டு ஏற்படுத்திக் கொண்டது. 2024 மே மாதத்தில், மைக்ரோசாஃப்ட்டுக்குச் சொந்தமான 'லிங்க்ட்இன்' தளத்தின் செயற்கை நுண்ணறிவு வசதி, ஓலா நிறுவனர் பவிஷ் அகர்வாலை 'அவன்' என்ற ஆண்பால் சுட்டால் குறிப்பிடாமல் பால் காட்டாத பன்மைச் சுட்டால் குறிப்பிட்டது. அதைக் கண்டித்து அவர் எழுதிய பதிவை லிங்க்ட்இன் நீக்கியது. மரியாதைக்குரிய எவரையும் 'அவர்' என்றே சுட்டும் தமிழில் இப்படியொரு சச்சரவுக்கே இடமிருந்திருக்காது.

பதிவு நீக்கப்பட்டதும், ஓலா நிறுவனங்களின் கணினிப் பணி முழுவதையும் ஒரு வாரத்துக்குள் அஸ்யூரிலிருந்து தனது மற்றொரு நிறுவனமான 'க்ருத்ரிம்' மேகத்துக்கு மாற்றப் போவதாக அகர்வால் அறிவித்தார். அஸ்யூரை விட்டு வரும் மென்பொருள் உருவாக்குநர்களுக்கு ஓராண்டு இலவச சேவை என்றும் கூறினார். அடுத்த இரு மாதங்களில் கூகுள் வரைபடத்தையும் கைவிட்ட அவர், அதன் மூலம் ஆண்டுக்கு ரூ. 100 கோடி மிச்சமாகும் என்றார்.

கோபத்தில் எடுத்த முடிவு என்றே பலரும் அப்போது கருதினர். மேக வணிகத்தில் நுழையவிருந்த க்ருத்ரிமுக்கு இது நல்ல விளம்பரமாகவும் அமைந்தது என்பதை மறுக்க முடியாது. அந்நிறுவனம் 2025-இல் ரூ. 2,000 கோடி முதலீட்டை அறிவித்தபோதிலும், அதே ஆண்டில் பல கட்டங்களாக ஊழியர் குறைப்பு நடந்ததாகச் செய்திகள் வெளியாயின. சுதேசி முழக்கத்தால் மட்டும் சர்வர்கள் ஓடுவதில்லை. ஆயினும், ஒரு சமூக ஊடகப் பதிவு குறித்த தகராறும் தொழிலின் அடித்தளமான கணினி அமைப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன என அன்று அகர்வால் கண்டுகொண்டது தவறல்ல. பதினான்கு மாதங்கள் கழித்து, எந்தப் பதிவும் எழுதாத நயாராவுக்கு மெய்யாகவே கதவு அடைக்கப்பட்டது.

போட்டியாளரின் வீட்டில் குடித்தனமா?

ஃபிளிப்கார்ட்டின் கதை வேறு. 2014 அக்டோபர் 6-ஆம் தேதி அந்நிறுவனம் நடத்திய 'பிக் பில்லியன் டே' விற்பனையில் வாடிக்கையாளர்கள் குவிந்ததால் இணையதளம் முடங்கியது. சுமார் 5,000 சர்வர்களை நிறுத்தி, வழக்கத்தைப் போல் 20 மடங்கு நெரிசலுக்குத் தயாராகியும் சமாளிக்க முடியவில்லை என்று நிறுவனர்கள் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் மறுநாள் வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பினர்.

ஆண்டில் சில நாள்கள் மட்டுமே பொங்கி வழியும் இத்தகைய தேவைக்கு வாடகை மேகமே ஏற்றது என்று எந்தப் பாடநூலும் கூறும். ஆனால், அந்த வாடகை மேகத்தின் மிகப்பெரிய உரிமையாளர் அமேசான். ஃபிளிப்கார்ட்டின் நேரடிப் போட்டியாளரும் அதுவே. இரு நிறுவனர்களும் அமேசானில் பணியாற்றிவிட்டு வந்தவர்கள். எந்த நாளில் எவ்வளவு சர்வர் கேட்கிறோம் என்பதைப் போட்டியாளருக்குத் தெரிவித்து, அதற்கு வாடகையும் கொடுக்க எந்த நிறுவனமும் எளிதில் விரும்பாது.

எனவே, ஃபிளிப்கார்ட் தனது சொந்த மேகத்தையே வளர்த்தது. சென்னையை அடுத்து ஹைதராபாதிலும் 2019-இல் தரவு மையம் அமைத்தது. வெளியில் வாடகைக்கு எடுத்தபோதும் அமேசானைத் தவிர்த்தது. 2017 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெள்ளாவைப் பெங்களூருக்கு வரவழைத்து அஸ்யூரைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தது. 2022-இல் கூகுளுடன் கைகோத்தது. அமெரிக்காவில் அமேசானின் மற்றொரு போட்டியாளரான வால்மார்ட் 2018-இல் ஃபிளிப்கார்ட்டை வாங்கிய பிறகு இந்தப் போக்கு மாறுவதற்கு வழியே இல்லை.

ரிசர்வ் வங்கி, செபியின் பிடி

பணத்தைக் கையாளும் நிறுவனங்களுக்குத் தேர்வுச் சுதந்திரம் அவ்வளவாக இல்லை. கட்டணப் பரிவர்த்தனைத் தகவல்கள் அனைத்தும் இந்தியாவுக்குள் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும் என்று 2018 ஏப்ரல் 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டு, ஆறு மாத அவகாசம் அளித்தது. அமெரிக்க அரசும் அந்நாட்டு நிறுவனங்களும் கடும் எதிர்ப்புத் தெரிவித்தும் பின்வாங்கவில்லை. உத்தரவுக்கு இணங்கவில்லை எனக் கூறி அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டைனர்ஸ் கிளப், மாஸ்டர்கார்டு ஆகியவை புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்க 2021-இல் தடை விதித்தது. அவை வழிக்கு வந்த பிறகே தடை ஒவ்வொன்றாக நீக்கப்பட்டது.

பெங்களூரின் ஃபோன்பே நிறுவனம் நவி மும்பையின் மகாபே பகுதியில் சொந்தத் தேவைக்கான தரவு மையத்தை 2023-இல் அறிமுகப்படுத்தியது. நாள் முழுவதும் ஓயாத யுபிஐ பரிவர்த்தனை என்பது மேற்சொன்ன 'நாள்தோறும் பந்தி' வகை. செலவுக் கணக்கும் சட்டமும் இங்கே ஒரே திசையைக் காட்டின.

பங்குச்சந்தைத் தரகு நிறுவனமான ஜெரோதா 2010-இல் பெங்களூரில் தொடங்கப்பட்டது. அதன் அமைப்பு இருவகையும் கலந்தது. பங்குச்சந்தைகளுடன் இணைக்கும் தனிக் கம்பி வழிகள் தரவு மையத்தில் உள்ள சொந்தச் சர்வர்களில்தான் வந்து முடியும். அதை வாடகை மேகத்தில் வைக்க இயலாது. மற்ற பணிகளில் ஒரு பகுதியை அமேசான் மேகத்தில் அந்நிறுவனம் நடத்தி வந்திருக்கிறது. கலப்பு மேகம் என்று இதற்குப் பெயர். வணிகக் கருத்தரங்குகளில் அதை ஏதோ புதிய தத்துவம் போல விளக்குவார்கள். ஜெரோதாவைப் பொருத்தவரை பங்குச்சந்தையின் கம்பி எங்கே வந்து முடிகிறதோ அங்கே கோடு விழுந்தது, அவ்வளவுதான்.

பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி 2023 மார்ச் 6-ஆம் தேதி மேகக் கணிமைக்கென நெறிமுறைகளை வெளியிட்டது. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் பட்டியலில் இடம்பெற்ற மேக நிறுவனங்களை மட்டுமே பயன்படுத்தலாம், தகவல்கள் இந்தியாவில் இருக்க வேண்டும் என்பவற்றோடு முக்கியமான மற்றொரு விதியும் அதில் இருந்தது. வேலையை யாரிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு தரகு நிறுவனத்துடையதே என்பது அது. மேகம் முடங்கினால் முதலீட்டாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அமேசான் அல்லர். அடுத்த மாதமே ரிசர்வ் வங்கியும் வங்கிகளுக்கு இதேபோன்ற விதிகளை வகுத்தது.

எல்லைக்குள் இருந்தால் போதுமா?

இந்திய விதிகள் பெரும்பாலும் இடத்தைப் பற்றியவை. தகவல் எங்கே இருக்கிறது என்று கேட்கின்றன. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பது வேறு கேள்வி. அமெரிக்கா 2018 மார்ச்சில் இயற்றிய 'கிளவுட் சட்டம்', தனது நாட்டு நிறுவனங்களின் கட்டுப்பாட்டில் உள்ள தகவல் உலகின் எந்த மூலையில் இருந்தாலும், உரிய உத்தரவின் பேரில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. மும்பையில் உள்ள சர்வரும் சென்னையில் உள்ள சர்வரும் அதற்கு விலக்கல்ல.

பிரான்ஸ் நாடாளுமன்ற மேலவைக் குழுவின் முன்பு 2025 ஜூனில் சாட்சியமளித்த மைக்ரோசாஃப்ட் பிரான்ஸ் நிறுவன அதிகாரியிடம், பிரெஞ்சு மக்களின் தகவல் பிரெஞ்சு அரசின் ஒப்புதலின்றி அமெரிக்காவிடம் ஒருபோதும் ஒப்படைக்கப்படாது என உறுதி கூற முடியுமா என்று கேட்கப்பட்டது. முடியாது என்று அவர் பதிலளித்தார். அப்படி ஒப்படைக்க நேர்ந்ததில்லை என்றும் அவர் கூறினார். நயாராவுக்கு நேர்ந்தது அதற்கு அடுத்த மாதம்.

இந்தியாவில், நீதிபதி பி.என்.ஸ்ரீகிருஷ்ணா குழு 2018 ஜூலையில் அளித்த வரைவு, தனிநபர் தகவல்களின் ஒரு பிரதியாவது நாட்டுக்குள் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அதன் வழியில் வந்த 2019-ஆம் ஆண்டு மசோதா 2022-இல் திரும்பப் பெறப்பட்டது. இறுதியில் 2023 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டமோ, மத்திய அரசு தடை செய்யும் நாடுகளைத் தவிர மற்ற நாடுகளுக்குத் தகவல்களைக் கொண்டு செல்லலாம் என்று தளர்த்தியது. தொழில்துறையின் வற்புறுத்தலுக்கு அரசு இணங்கியதாகவே இதைக் கொள்ள வேண்டும். அதே அரசு மறுபுறம் சுதேசியையும் பேசுகிறது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல், தமிழகத்தைச் சேர்ந்த ஜோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டதாக 2025 அக்டோபரில் தகவல் வெளியானது. உள்துறை அமைச்சர் அமித் ஷாவும் அம்மாதம் ஜோஹோ மின்னஞ்சலுக்கு மாறினார். ஜோஹோ தனது சேவைகளைச் சொந்தத் தரவு மையங்களில் நடத்துவதாகக் கூறும் நிறுவனம் என்பது குறிப்பிடத்தக்கது. எனினும், அரசைப் பொருத்தவரை இதுவும் வாடகை வீடே. வீட்டுக்காரர் மட்டும் உள்ளூர்க்காரர்.

வெளியேறும் வாசல்

எந்த மேகத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதைவிட, ஒருநாள் அதிலிருந்து வெளியேற முடியுமா என்பதே பெங்களூரின் சிறு நிறுவனங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. வாடகை மேகத்துக்குள் தகவலைக் கொண்டு செல்லக் கட்டணம் இல்லை. வெளியே எடுக்கக் கட்டணம் உண்டு. முற்றிலும் வெளியேறும் வாடிக்கையாளர்களுக்கு இக்கட்டணத்தை நீக்குவதாக 2024 தொடக்கத்தில் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் ஆகியவை அடுத்தடுத்து அறிவித்தன. ஐரோப்பாவில் வரவிருந்த சட்டமே அவற்றின் மனமாற்றத்துக்குத் தூண்டுதலாக இருந்தது எனலாம். அங்கு 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தகவல் சட்டத்தின்படி, 2027 ஜனவரி முதல் மேகத்தை மாற்றிக்கொள்ளக் கட்டணமே வசூலிக்க முடியாது.

கட்டணம் நீங்கினாலும் பிடி முழுவதும் தளர்ந்துவிடாது. ஒரு நிறுவனத்தின் மேகத்துக்கென்றே உள்ள தரவுத்தளம், வரிசை அமைப்பு, அடையாளச் சரிபார்ப்பு ஆகியவற்றின் மீது மென்பொருளை எழுதிவிட்டால், இடம் மாறும்போது அதைத் திரும்ப எழுத வேண்டும். எங்கும் ஓடக்கூடிய திறந்தமூல மென்பொருள்களின் மீது கட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. தொடக்கத்தில் சில மாதங்கள் தாமதமாகும் என்பதால் முதலீட்டாளரின் அவசரத்தில் இருக்கும் புதிய நிறுவனங்கள் அந்த வழியைப் பெரும்பாலும் எடுப்பதில்லை.

மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2024 மார்ச்சில் வெளியிட்ட டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவில், கட்டுப்பாட்டுக்கு உட்படுத்த வேண்டிய சேவைகளின் பட்டியலில் மேகச் சேவையும் இடம்பெற்றிருந்தது. 2025 இறுதி வரை அம்மசோதா நாடாளுமன்றத்தில் தாக்கலாகவில்லை. இந்நிலையில், சேவையை எந்தக் காரணத்துக்காக, எத்தனை நாள் முன்னறிவிப்புடன் நிறுத்தலாம், நிறுத்தினால் தகவலை எடுத்துச் செல்ல எவ்வளவு அவகாசம், வழக்கு எந்த நாட்டு நீதிமன்றத்தில் என்பவை எல்லாம் ஒப்பந்த வாசகங்களைப் பொருத்தவையாகவே உள்ளன. ஃபிளிப்கார்ட் போன்ற பெரிய வாடிக்கையாளர் அந்த வாசகங்களைப் பேரம் பேசி மாற்றிக்கொள்ள முடியும். கோரமங்கலாவில் இரண்டு அறைகளில் நடக்கும் நிறுவனத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. கணினித் திரையில் 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு அது வேலையைத் தொடங்குகிறது.